ஒபாமாவுக்குக் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டது நிறத்துக்காக மட்டும்தானா?

#1 புதுக்கோட்டையான்

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது அமெரிக்கத் தேர்தல் பேச்சு வந்தது. 2008-இல் கறுப்பின வாக்காளர்களில் 95 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள் என்றேன். உடனே ஒருவர், "இதில் என்ன அதிசயம்? அவங்க ஆள் நின்றார், போட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் சரக்கும் இல்லை.

அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் எதைப் பார்த்து அதிபர் வேட்பாளரை முடிவு செய்கிறார்? நிறமா, கட்சியா, வேறு கணக்கா?

#2 சும்மாஇருசார்

1964-இல் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்குக் கறுப்பினத்தவர் ஓட்டு 94 சதவீதம். அவர் டெக்சாஸ் வெள்ளைக்காரர். உங்கள் நண்பரிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள் :)

#3 பால்மெட்டோ_பாண்டியன்

சும்மாஇருசார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். இருந்தாலும் நான் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2005-இல் தென் கரோலினாவின் கொலம்பியாவுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினப் பாட்டி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்குப் பக்கம் வயதான பெண்களை பெயருக்கு முன்னால் "மிஸ்" சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பெயர் எதற்கு, மிஸ் என்றே வைத்துக்கொள்வோம். 2007-இல் தீபாவளிக்குக் கொஞ்சம் பிந்தி அவர் வீட்டுப் புல்தரையில் ஒரு பிரசாரப் பலகை முளைத்தது. பார்த்தால், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆவதற்கு ஒபாமாவோடு போட்டியிட்ட ஹிலரி கிளின்டன்!

எனக்கு அப்போது ஓட்டும் கிடையாது, விவரமும் பத்தாது. "ஒபாமா இல்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பையனைச் சுட்டுவிடுவார்கள்" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

முதலில் இது வயதானவர்களின் வீண் பயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தலைமுறை பார்த்தது என்ன? 1963-இல் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸை வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். 1965-இல் மால்கம் எக்ஸ், 1968-இல் மார்ட்டின் லூதர் கிங். அரசாங்கமே இதை வீண் பயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007 மே மாதமே ஒபாமாவுக்கு அதிபர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதற்கு முன் எந்த வேட்பாளருக்கும் அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை. 1995-இல் கறுப்பினத்தவரான முன்னாள் ராணுவத் தளபதி காலின் பவல் அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தபோதும் அவர் மனைவியின் பயம்தான் ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

இன்னொரு காரணத்தைப் பாட்டி பிறகு ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார். "வெள்ளைக்காரர்கள் அவனுக்குப் போட மாட்டார்கள். நாங்கள் மட்டும் போட்டு என்ன ஆகப்போகிறது?" இதுதான் விஷயம். நமக்கு யாரைப் பிடிக்கிறது என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. ஊரார் யாருக்குப் போடுவார்கள், அதில் நமக்குக் குறைந்த சேதாரம் யாரால் என்பதுதான் முதல் கேள்வி. மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் இருப்பவர்கள் வேறெப்படி யோசிப்பார்கள்?

டிசம்பரில் இங்கே வில்லியம்ஸ் பிரைஸ் கால்பந்து அரங்கில் கறுப்பினத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரி ஒபாமாவுக்காகக் கூட்டம் போட்டார். கிட்டத்தட்ட 29,000 பேர். பாட்டியும் பேத்தியோடு போய்விட்டு வந்தார். பலகை மட்டும் நகரவில்லை.

2008 ஜனவரி 3, ஐயோவா. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களாக உள்ள மாநிலம். ஒபாமா முதலிடம், எட்வர்ட்ஸ் இரண்டு, ஹிலரி மூன்று. அந்த வார இறுதியில் பார்க்கிறேன், புல்தரையில் ஹிலரி பலகை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அடுத்த வாரம் அதே ஓட்டைகளில் ஒபாமா பலகை.

ஜனவரி 26, எங்கள் மாநில பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஒபாமாவுக்கு 55 சதவீதம், ஹிலரிக்கு 27. கறுப்பின வாக்காளர்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் நான்கு பேர் ஒபாமா பக்கம். இதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் "அவங்க ஆள்" என்கிறார். அவங்க ஆள்தான், ஆனால் ஐயோவாக்காரன் கையெழுத்துப் போட்ட பிறகு.

#4 புதுக்கோட்டையான்

பாண்டியன் அண்ணே, இது எனக்குப் புதுச் செய்தி. நான் முதல் நாளிலிருந்தே எல்லாரும் அவர் பின்னால் இருந்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

#5 பழையபேப்பர்

தம்பி, இருப்பார்களா? 2000-இல் சிகாகோவில் ஒபாமா காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சீட்டுக்காக பாபி ரஷ்ஷை எதிர்த்து பிரைமரியில் நின்றார். ரஷ் பழைய பிளாக் பாந்தர், அதாவது 1960-களின் கறுப்பினப் போராட்ட இயக்கத்துக்காரர். தொகுதியில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். ஒபாமாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். ஹார்வர்டில் படித்தவன், ஹவாயிலிருந்து வந்தவன், இவன் யார் என்று கேட்டது அதே மக்கள்தான்.

நாலு வருடம் கழித்து செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி ஆலன் கீஸை மேரிலாந்திலிருந்து வரவழைத்து நிறுத்தியது. அவரும் கறுப்பினத்தவர். ஒபாமா 70, கீஸ் 27. 2006-இல் அதே மேரிலாந்தில் மைக்கேல் ஸ்டீல் என்ற கறுப்பின வேட்பாளரைக் குடியரசுக் கட்சி நிறுத்தியபோது, கறுப்பின ஓட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு எதிரே நின்ற பென் கார்டின் என்ற வெள்ளையருக்குப் போனது. மெம்பிஸில் ஸ்டீவ் கோஹன் என்கிற யூதர் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதியில் 2006 முதல் ஜெயித்து வந்தார். 2008 பிரைமரியில் கறுப்பினப் பெண் ஒருவர் எதிர்த்து நின்றும் பெருவாரியான ஓட்டில் ஜெயித்தார். நிறம்தான் எல்லாம் என்றால் இந்த நான்கும் நடந்திருக்காது.

கட்சி விசுவாசமா என்றால், அதுவும் பழைய கதையைப் பார்த்தால் அப்படி இல்லை. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதால் எழுபது வருடம் குடியரசுக் கட்சிக்கே போட்டவர்கள் இவர்கள். 1932-இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் முதலாளி ராபர்ட் வான், "வீட்டுக்குப் போய் லிங்கன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் தீர்ந்துவிட்டது" என்று பேசினார். அந்த வருடம் கேட்கவில்லை, பெரும்பாலோர் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே போட்டார்கள். ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களில் வேலையும் நிவாரணமும் கைக்கு வந்த பிறகு 1936-இல்தான் 71 சதவீதம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

1960 கதை தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லுங்கள், தட்டச்சு செய்ய விரல் அரிக்கிறது.

#6 சும்மாஇருசார்

தெரியும் என்று சொன்னாலும் நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்க சார்.

#7 பழையபேப்பர்

நன்றி :)

1960 அக்டோபர் 19. அட்லாண்டாவில் ரிச்சஸ் என்ற பெரிய கடை. அதன் உணவகத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அங்கே மறியல் செய்த கிங்கையும் மாணவர்களையும் கைது செய்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள், கிங்கை மட்டும் விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஜார்ஜியாவுக்குக் குடிவந்த பிறகும் அலபாமா ஓட்டுநர் உரிமத்தில் கார் ஓட்டினார் என்ற பழைய வழக்கு! அதற்கு நாலு மாதம் கடுங்காவல். இரவோடு இரவாகக் கைவிலங்கு மாட்டி ரெய்ட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மனைவி கொரெட்டா அப்போது கர்ப்பிணி. உயிரோடு திரும்ப மாட்டார் என்றே பயந்தார்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் கூட இல்லை. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கென்னடி கொரெட்டாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஆறுதல் சொன்னார். தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். கிங் வெளியே வந்தார். எதிரே நின்ற குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு கிங்கை முன்பே நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நிக்சனுக்காகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அவர் கேட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை.

கிங்கின் அப்பா பாப்டிஸ்ட் போதகர். கென்னடி போன்ற கத்தோலிக்கர் ஒருவர் அதிபராவதில் இஷ்டமில்லாமல் அதுவரை நிக்சன் பக்கம் இருந்தார். மகன் வெளியே வந்ததும், "என்னிடம் ஒரு பெட்டி நிறைய ஓட்டு இருக்கிறது, அத்தனையும் கென்னடிக்கு" என்று சபையிலேயே அறிவித்தார். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை நீல நிறத் தாளில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை நாடு முழுக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் லட்சக்கணக்கில் விநியோகித்தார்கள். வெள்ளைப் பத்திரிகைகளுக்கு இது கண்ணிலேயே படவில்லை. கென்னடி நாடு முழுக்கச் சேர்த்து 1,20,000-க்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார். இல்லினாயில் வித்தியாசம் 9,000 கூட இல்லை.

அந்த ஒரு போன்தான் ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஓட்டு எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். கொள்கை அறிக்கையைப் படித்து நகரவில்லை. நம் பிள்ளை சிறையில் இருந்தபோது எவன் கூப்பிட்டான், எவன் கூப்பிடவில்லை என்று பார்த்து நகர்ந்தது.

#8 கறார்_கந்தசாமி

நல்ல கதை. ஆனால் எல்லோரும் சேர்ந்து இந்த ஓட்டுக்கு ஆரத்தி எடுக்கிறீர்கள். மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

இரண்டு நிமிட போனுக்கு ஒரு பெட்டி ஓட்டு. இது நல்ல பேரமா? 1964 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் மால்கம் எக்ஸ் இதைத்தான் கேட்டார். நீங்கள் ஜனநாயகக் கட்சியை முதலில் வைக்கிறீர்கள், அவர்கள் உங்களைக் கடைசியில் வைக்கிறார்கள் என்றார். அதே ஆகஸ்டில் மிசிசிப்பியிலிருந்து கறுப்பினப் போராளி ஃபேனி லூ ஹேமர் தன் குழுவோடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அந்தக் கட்சியின் மாநாட்டுக்கு வந்து, ஓட்டுப் பதியப் போனதற்காக வாங்கிய அடியை நாடே பார்க்கும்படி எடுத்துச் சொன்னார். கட்சி என்ன கொடுத்தது? மாநாட்டில் இரண்டே இரண்டு இடம். அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம் நவம்பரில் அதே கட்சிக்கு 94 சதவீதம்.

அதன்பின் 90 சதவீத ஓட்டு எப்படியும் வரும் என்று தெரிந்தால் எந்தக் கட்சி மெனக்கெடும்? எதிர்க்கட்சி எப்படியும் வராது என்று விட்டுவிடுகிறது, சொந்தக் கட்சி எங்கே போய்விடும் என்று விட்டுவிடுகிறது. சிறைத் தண்டனைகளைக் கடுமையாக்கிய 1994 குற்றச் சட்டம் யார் காலத்தில் வந்தது? கிளின்டன். செனட்டில் அதை முன்னின்று நடத்தியவர்? பைடன். 2020 மே மாதம் அதே பைடன் வானொலிப் பேட்டியில், எனக்கா டிரம்புக்கா என்று உங்களுக்குக் குழப்பமிருந்தால் நீங்கள் கறுப்பினத்தவரே இல்லை என்றார். மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனால் பட்டா போட்ட நிலம் என்ற நினைப்பு இல்லாவிட்டால் அந்த வார்த்தை வாயில் வருமா?

#9 தேன்மொழி_அட்லாண்டா

கந்தசாமி சார், பட்டா போட்ட நிலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றுக்கு என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். 1964-இல் எதிரே நின்ற கோல்ட்வாட்டர் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் ஓட்டுப் போட்டவர். பழையபேப்பர் சார் சொன்ன அதே ஜாக்கி ராபின்சன் அந்த வருடம் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் போய்விட்டு, ஹிட்லர் ஜெர்மனியில் யூதனாக இருப்பது எப்படியிருக்கும் என்று இப்போது தெரிந்தது என்றார். 1968-இல் அவரும் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரிக்குப் போய்விட்டார். ஒரு கடையில் அழுகிய காய், இன்னொரு கடை வாசலில் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போவீர்கள்?

1994 சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காங்கிரஸில் இருந்த கறுப்பின உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள், தென் கரோலினாவின் ஜேம்ஸ் கிளைபர்ன் உட்பட. தங்கள் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் அதன் விளைவைப் பார்த்து வருந்தியவர்களும் அவர்களேதான்.

அப்புறம், இந்த இழையில் இதுவரை ஆண் தலைவர்கள் பேச்சாகவே இருக்கிறது :) 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஷெர்லி சிஸம் நின்றாரே, அவரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். விலைபோகாதவள், எவனுக்கும் கட்டுப்படாதவள் என்பதுதான் அவருடைய முழக்கம். கறுப்பின ஆண் தலைவர்கள் பெரும்பாலும் ஜெயிக்க மாட்டார் என்று ஒதுங்கினார்கள், வெள்ளைப் பெண்ணியத் தலைவர்கள் பலரும் அதே போட்டியில் நின்ற மெக்கவர்ன் பக்கம் போனார்கள். மயாமி பீச்சில் நடந்த கட்சி மாநாட்டில் 152 பிரதிநிதிகள் ஓட்டு கிடைத்தது. பாண்டியன் அண்ணா சொல்லும் "யார் ஜெயிப்பார்கள்" என்ற கணக்குக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. அந்தக் கணக்கைப் போட்டே சொந்த வீட்டுப் பெண்ணைக் கைவிட முடியும்.

#10 பால்மெட்டோ_பாண்டியன்

தேன்மொழி, நீங்கள் சொன்னது தைக்கிறது. 1984-இல் அதே போட்டியில் நின்ற கறுப்பினப் போதகர் ஜெஸ்ஸி ஜாக்சனுக்கும் இதேதான். கொரெட்டா கிங், கிங்கின் பழைய தோழர் ஆண்ட்ரூ யங் எல்லாரும் எதிரே நின்ற வெள்ளையர் மாண்டேல் பக்கம் நின்றார்கள். மாநாட்டு மேடையில் ஆண்ட்ரூ யங்கை ஜாக்சன் ஆட்கள் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். ஆனால் ஜாக்சன் சும்மா போகவில்லை. 1988-இல் மறுபடி நின்று கிட்டத்தட்ட 70 லட்சம் ஓட்டு வாங்கினார். அந்தப் பலத்தை வைத்துக் கட்சி விதிகளை மாற்றச் சொன்னார். ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே எல்லா மாநாட்டுப் பிரதிநிதிகளும் என்பது போய், ஓட்டு விகிதப்படி பங்கு என்று வந்தது. 2008-இல் பெரிய மாநிலங்களில் தோற்றபோதும் ஒபாமா பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொண்டே போனாரே, அதற்கு அடித்தளம் இந்த விதி. தோற்கப் போகிறவருக்குப் போட்ட ஓட்டு இருபது வருடம் கழித்து விளைந்தது. கந்தசாமி சார், பேரம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

#11 புதுக்கோட்டையான்

ஒரு கேள்வி. ஜான் லூயிஸ் முதலில் ஹிலரியை ஆதரித்தார் என்று எங்கோ படித்தேன். செல்மா பாலத்தில் மண்டை உடைபட்டவர் எப்படி?

#12 தேன்மொழி_அட்லாண்டா

எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர், அதனால் நான் சொல்கிறேன்.

கிளின்டன் குடும்பத்தோடு அவருக்கு நீண்ட நாள் பழக்கம். 2007 அக்டோபரில் வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போதைய பெரியவர்கள் மனநிலையே அப்படித்தான். ஆண்ட்ரூ யங்கும் அந்தச் சமயத்தில், ஒபாமா அதிபராக வேண்டும், ஆனால் 2016-இல் என்று பேசினார். பழுக்கட்டும் என்று அர்த்தம்.

2008 பிப்ரவரி 5, ஜார்ஜியா பிரைமரி. ஒபாமாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு. லூயிஸின் சொந்தத் தொகுதியும் ஒபாமாவுக்கே கொட்டித் தீர்த்தது. யோசித்துப் பாருங்கள். 1965 மார்ச் 7 அன்று இந்த மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் அடிவாங்கியவர். இப்போது அந்த மக்கள் போட்ட ஓட்டை சூப்பர் டெலிகேட் (கட்சி மாநாட்டில் தன் இஷ்டப்படி ஓட்டுப் போடலாம்) என்ற ஒரே ஓட்டால் அவரே செல்லாக்காசாக்கலாம். மூன்று வாரம் தவித்து, பிப்ரவரி 27 அன்று ஒபாமா பக்கம் மாறினார். மக்கள் பக்கம் நிற்க விரும்புகிறேன் என்ற பொருளில்தான் அவர் விளக்கம் இருந்தது.

ஹிலரியை ஆதரித்த இன்னொரு கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர், மிசூரியின் இமானுவல் கிளீவர், கடைசி வரை மாறவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். எனக்கு லூயிஸ்தான் சரி. ஆனால் என் வீட்டுக்காரர் கிளீவர் கட்சி. இன்றைக்கும் இந்தப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் காபி ஆறிப்போகும்.

#13 கறார்_கந்தசாமி

லூயிஸை நான் குறை சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. 1912-இல் கறுப்பினத் தலைவர்களான டூ பாய்ஸும் வில்லியம் மன்றோ டிராட்டரும் குடியரசுக் கட்சியை நம்பி அலுத்துப்போய், துணிந்து ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனை ஆதரித்தார்கள். நான் சொல்கிற மாதிரியே, ஓட்டைப் பிரித்துப் பேரம் பேசிப் பார்த்தார்கள். வில்சன் வந்ததும் அரசு அலுவலகங்களில் கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். 1914 நவம்பரில் டிராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய் நேருக்கு நேர் கேட்டார். உன் பேச்சு தொனி சரியில்லை என்று வில்சன் வெளியேற்றிவிட்டார்.

ஆக என் வாதத்துக்கே எதிரான உதாரணத்தை நானே கொடுத்துவிட்டேன். பரவாயில்லை, உண்மை உண்மைதானே. சேர்ந்து போட்டாலும் அடி, பிரித்துப் போட்டாலும் அடி.

#14 சும்மாஇருசார்

கந்தசாமி சார் தன்னைத் தானே மடக்கிக்கொண்டதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். தேதி குறித்துக்கொண்டேன்.

#15 பால்மெட்டோ_பாண்டியன்

2020-ஐயும் சொல்லி முடித்துக்கொள்கிறேன், மனைவி விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

கறுப்பினத்தவரான கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் ஒரு ஓட்டு விழும் முன்பே விலகிவிட்டார்கள். பைடன் ஐயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. எல்லா டிவியும் ஆள் முடிந்தார் என்றது. பிப்ரவரி 26 அன்று கிளைபர்ன் அவரை ஆதரித்தார். 29-ஆம் தேதி இங்கே பிரைமரியில் அவருக்கு ஏறக்குறைய 49 சதவீதம். அதுதான் என் முதல் ஓட்டு, அதற்கு முந்தின வருடம்தான் குடியுரிமை வந்தது. பாட்டியை என் காரில்தான் வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். திரும்பும் வழியில், "பைடனைப் பிடிக்குமா மிஸ்?" என்று கேட்டேன். "பிடிக்கிறதுக்கு அவன் என்ன பீச் கோப்ளரா?" என்றார் (பீச் பழத்தில் செய்யும் இனிப்பு). கொஞ்ச தூரம் போன பிறகு, "பென்சில்வேனியாவில் இருக்கிற வெள்ளைக்காரன் இவனுக்குப் போடுவான்" என்றார். நவம்பரில் பென்சில்வேனியாவில் பைடன் ஜெயித்த முடிவு வந்த அன்று அந்த வார்த்தை ஞாபகம் வந்தது.

#16 புதுக்கோட்டையான்

அண்ணே, 2024-இல் கமலா நின்றபோது பாட்டி என்ன சொன்னார்? நம் ஊர்ப் பக்கம் துளசேந்திரபுரத்தில் பூஜையே நடந்தது.

#17 தேன்மொழி_அட்லாண்டா

துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா ஊர், நமக்குச் சந்தோஷம். ஆனால் இங்கே அவரைத் தூக்கிப் பிடித்தது வேறு சொந்தம். பைடன் விலகிய 2024 ஜூலை 21 ஞாயிறு இரவே கறுப்பினப் பெண்கள் 44,000 பேர் ஒரே ஜூம் அழைப்பில் சேர்ந்து சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலர் திரட்டினார்கள். கமலா, கறுப்பினத்தவருக்கெனத் தொடங்கிய ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவி, ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற பழைய கறுப்பினப் பெண்கள் சங்கத்து உறுப்பினர். என் சக ஊழியை அதன் இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்திக்கொண்டு நவம்பர் வரை அலுவலகம் வந்தார்.

ஆனால் கறுப்பின ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் டிரம்புக்குப் போட்டார்கள் என்றது கருத்துக்கணிப்பு. விலைவாசி, வேலை, எல்லாரையும் போலவே காரணம் சொன்னார்கள். அக்டோபரில் பிட்ஸ்பர்கில் கமலாவை ஆதரிக்கத் தயங்குவதாகக் கறுப்பின ஆண்களை ஒபாமா கடிந்து பேசியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. எங்களைப் பார்த்து மட்டும் ஏன் விரலை நீட்டுகிறீர்கள் என்றார்கள். கந்தசாமி சார் கேட்ட பிரிவு ஒருவேளை இப்படித்தான் தொடங்குகிறதோ என்னவோ.

#18 பால்மெட்டோ_பாண்டியன்

பாட்டி 2022-இல் தவறிவிட்டார் தம்பி. வீட்டில் இப்போது பேரன் இருக்கிறான், முப்பது வயது, சரக்கு லாரி ஓட்டுகிறான். 2024-இல் அந்தப் புல்தரையில் எந்தப் பலகையும் இல்லை. ஒரு சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டிருந்தவனிடம், "இந்த முறை யார் பலகை?" என்று கேட்டேன். இயந்திரத்தை நிறுத்தாமலே சிரித்தான். "பாட்டி இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன்" என்று கத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். யாருக்குப் போட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.